திரையில்லா சர்வருக்கு வைஃபை: ஐடபிள்யூடி விமர்சனம்

சர்வர் என்றால் ஈதர்நெட் கேபிள்தான் போட வேண்டும் என்பது சரியான அறிவுரை. ஆனால் வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது. ரூட்டர் ஹாலில் இருக்கும், பழைய லேப்டாப்பில் போட்ட டெபியன் சர்வர் பின்னறையில் இருக்கும். அங்கே வைஃபை ஒன்றுதான் வழி. மானிட்டரும் டெஸ்க்டாப்பும் இல்லாமல் கட்டளை வரி மட்டும் உள்ள அந்தக் கணினியில் வைஃபையை யார் கையில் ஒப்படைப்பது? பல ஆண்டுகளாக டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற வைஃபை இணைப்பு நிரல்தான் பதிலாக இருந்தது. அதே வேலைக்கு இன்டெல் நிறுவனம் உருவாக்கிய ஐடபிள்யூடி என்ற நிரல் 2016-இல் வெளியே தெரிந்தது, 2019 அக்டோபரில் 1.0 பதிப்பு வந்தது. ஆர்ச் லினக்ஸின் நிறுவல் வட்டில் வைஃபைக்கு இப்போது இருப்பது இதுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே வைஃபை கார்டு, வீடு அல்லது சிறு அலுவலகத்தின் ஒரே நெட்வொர்க், ஆள் தொடாமல் மாதக்கணக்கில் ஓட வேண்டிய சர்வர் என்றால் ஐடபிள்யூடியைப் போடுங்கள். ஒரு நிபந்தனை உண்டு: அந்தக் கார்டின் இன்டர்ஃபேஸை, அதாவது கணினி அதை அணுகும் நெட்வொர்க் இணைப்பை, அதனிடம் முழுவதுமாக விட்டுவிட வேண்டும். கட்டளை வரி வைஃபையில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை கார்டினாலோ சிக்னலாலோ வருவதில்லை. இரண்டு நிரல்கள் ஒரே இன்டர்ஃபேஸுக்குச் சொந்தம் கொண்டாடுவதால் வருகின்றன. ஐடபிள்யூடியின் பலமும் அதைப் போட்டதும் முதல் நாள் வரும் சிக்கலும் இரண்டுமே இதில்தான் இருக்கின்றன.

எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு: கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன். கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். ஐடபிள்யூடியின் அமைப்புப் பெயர்களில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது, ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும்.

உள்ளே என்ன இருக்கிறது

ஐடபிள்யூடி ஒரு பின்னணிச் சேவை. அதோடு பேச ஐடபிள்யூசிடிஎல் என்ற கட்டளை. ஓபன்எஸ்எஸ்எல் போன்ற வெளி நூலகம் எதையும் அது நம்பியிருக்கவில்லை. குறியாக்க வேலையை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடமே கொடுத்துவிடுகிறது. தேவையானால் டிஎச்சிபி (ரூட்டரிடம் முகவரி கேட்டு வாங்கும் முறை) மூலம் ஐபி முகவரி வாங்குவதையும் தானே பார்த்துக்கொள்ளும். ரூட்டரிடம் சேர்வது, கடவுச்சொல் சரிபார்ப்பு, ஐபி முகவரி மூன்றும் ஒரே இடத்தில், ஒரே பதிவில் தெரியும். எதையும் கண்ணால் பார்க்க முடியாத சர்வரில் பிழை தேடுபவருக்கு இது பெரிய உதவி.

கெர்னலை நம்பியிருப்பதில் ஒரு விலையும் உண்டு. டெபியன், உபுண்டு, ஃபெடோரா கெர்னல்களில் தேவையான குறியாக்கப் பகுதிகள் எல்லாம் இருக்கின்றன. சிறிய போர்டுகளுக்கு விற்பவரே கட்டித் தரும் கெர்னல்களில் சில விடுபட்டிருக்கலாம். அப்போது சேவை தொடங்க மறுக்கும். ஆனால் எந்தெந்தக் கெர்னல் விருப்பங்கள் இல்லை என்று பெயரோடு பட்டியலிட்டுவிட்டுத்தான் நிற்கும். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

டிரைவர் விஷயத்தில் சமரசமே இல்லை. கெர்னலின் புதிய வயர்லெஸ் கட்டமைப்பைப் பேசும் டிரைவர் மட்டுமே ஐடபிள்யூடிக்குத் தெரியும். பழைய வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன் முறையை மட்டும் பேசும் டிரைவர்களோடு அது வேலை செய்யாது. குறிப்பாக மலிவான யுஎஸ்பி அடாப்டர்களுக்குத் தனியே தொகுத்துப் போடும் டிரைவர்கள் சிலவற்றை இப்படிச் சொல்லலாம். அத்தகைய அடாப்டர் கையில் இருந்தால் இந்த விமர்சனத்தை இங்கேயே நிறுத்திவிட்டு டபிள்யூபிஏ சப்ளிகன்டுக்குப் போகலாம்.

நிறுவுவதற்கு முன்

கார்டு உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்எஸ்பிசிஐ கட்டளையோடு "-கே" சேர்த்தால் கார்டின் பெயருக்குக் கீழே எந்த டிரைவர் ஓடுகிறது என்று காட்டும். யுஎஸ்பி என்றால் எல்எஸ்யுஎஸ்பி. டிரைவர் இருந்தும் இன்டர்ஃபேஸ் வரவில்லை என்றால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் பதிவில் "ஃபர்ம்வேர்" (கார்டுக்குள் ஏற்றும் மென்பொருள்) என்று தேடுங்கள். ஃபர்ம்வேர் ஏற்றுவது பிழை எண் -2 உடன் தோற்றது என்ற வரி இருந்தால், கோப்பே இல்லை என்று பொருள். டெபியனில் இன்டெல் கார்டுக்கு ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை, ரியல்டெக்குக்கு ஃபர்ம்வேர்-ரியல்டெக், அதெராஸுக்கு ஃபர்ம்வேர்-அதெராஸ் பொதிகள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் இவை நிறுவல் வட்டிலேயே இருக்கின்றன. அதற்கு முந்தைய பதிப்பில் தனியாகத் தேட வேண்டும்.

அடுத்தது ஆர்எஃப்கில், வயர்லெஸ் தடைகளைக் காட்டும் கட்டளை. "ஆர்எஃப்கில் லிஸ்ட்" அடித்தால் மென்பொருள் தடை, வன்பொருள் தடை என்று இரண்டு வரிகள் வரும். மென்பொருள் தடையை "ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை" நீக்கிவிடும். வன்பொருள் தடை என்றால் லேப்டாப்பின் ஓரத்தில் உள்ள சுவிட்சையோ பயாஸையோதான் பார்க்க வேண்டும், எந்தக் கட்டளையும் உதவாது. ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் நாட்டுக் குறியீடு கொடுக்கும்வரை வைஃபை தடையில்தான் இருக்கும்.

இணையம் இல்லாமல் பொதிகளை எப்படி இறக்குவது? இதற்கு எளிய வழி ஆண்ட்ராய்டு போனின் யுஎஸ்பி டெதரிங். கேபிளைச் செருகி டெதரிங்கை இயக்கினால் சர்வரில் புதிய ஈதர்நெட் இன்டர்ஃபேஸ் ஒன்று முளைக்கும். "ஐபி லிங்க்" கட்டளையில் அதன் பெயரைப் பார்த்து, டெபியன் 12-இல் "டிஎச்கிளையன்ட்" என்று அடித்து அந்தப் பெயரைக் கொடுத்தால் இணையம் வந்துவிடும். கூடுதல் டிரைவர் வேண்டாம். உபுண்டு சர்வரில் சிக்கிக்கொள்கிறவர்கள் பலருக்கும் இதுதான் கைகொடுக்கும். அங்கே நெட்வொர்க் அமைப்பை எழுதும் நெட்பிளானில் வைஃபை விவரத்தைச் சரியாக எழுதியும் இணைப்பு வராததற்குப் பொதுவான காரணம், டபிள்யூபிஏ சப்ளிகன்ட் பொதி நிறுவப்படாமல் இருப்பது. அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அது வேண்டும். போன் இந்த முடிச்சை அவிழ்த்துவிடும்.

டெபியனில் மாற்றும் வரிசை

வரிசை முக்கியம். இங்கே ஒரு படி முன்பின் ஆனால் பாதியில் இணையம் போய்விடும்.

முதலில், இணையம் இருக்கும்போதே எல்லாப் பொதிகளையும் ஒன்றாக இறக்குங்கள்: ஐடபிள்யூடி, ஐடபிள்யூ, வயர்லெஸ்-ரெக்டிபி, சிஸ்டம்டி-ரிசால்வ்ட். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள். ஐடபிள்யூடி தானே ஐபி முகவரி வாங்கும்போது, தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் விவரத்தை இயல்பாக சிஸ்டம்டி-ரிசால்வ்டிடம்தான் ஒப்படைக்கும். டெபியன் 12-இல் அது தனிப் பொதியாகப் பிரிந்துவிட்டது, இயல்பாக நிறுவப்படாது. விளைவு: 8.8.8.8-க்கு பிங் போகும், ஆனால் எந்தத் தளத்தின் பெயரும் திறக்காது. பொதி இறக்கும் ஆப்ட்டும் ஓடாது என்பதால் விட்டுப்போன பொதியை இறக்கவும் முடியாது. ரிசால்வ்ட் வேண்டாம் என்பவர்கள் ரிசால்வ்கான்ஃப் பொதியைப் போட்டு, அமைப்புக் கோப்பின் "நெட்வொர்க்" பகுதியில் "நேம் ரிசால்விங் சர்வீஸ்" மதிப்பை ரிசால்வ்கான்ஃப் என்று மாற்றலாம்.

இரண்டாவது, பழைய சொந்தக்காரர்களை வெளியேற்றுவது. டெஸ்க்டாப் இல்லாமல் டெபியனை வைஃபை வழியாக நிறுவியிருந்தால், /ஈடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் கோப்பில் உங்கள் நெட்வொர்க்கின் பெயரும் கடவுச்சொல்லும் எழுதப்பட்டிருக்கும். வைஃபை இன்டர்ஃபேஸைக் குறிக்கும் எல்லா வரிகளுக்கும் முன்னால் ஹேஷ் குறி போடுங்கள். பிறகு டபிள்யூபிஏ சப்ளிகன்ட் சேவையை "டிசேபிள்" செய்தால் மட்டும் போதாது. நிரல்கள் தங்களுக்குள் பேசும் டி-பஸ் வழியாக வேறு நிரல் கூப்பிட்டால் அது மறுபடி எழுந்துவிடும். "சிஸ்டம்சிடிஎல் மாஸ்க்" செய்தால்தான் அடங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் இணைப்பு வரும், சில நொடிகளில் அறுபடும், மறுபடி வரும். சிக்னல் பிரச்சினை என்று நினைத்து ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருக்கும் பலருக்கு உண்மையில் நடப்பது இதுதான்.

இந்தப் படிகளை அந்த வைஃபையின் மேலேயே எஸ்எஸ்எச் போட்டுச் செய்யாதீர்கள். கீபோர்டும் திரையும் ஒரு மணி நேரத்துக்குக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, /ஈடிசி/ஐடபிள்யூடி/மெயின்.கான்ஃப் கோப்பு. "ஜெனரல்" பகுதியில் "எனேபிள் நெட்வொர்க் கான்ஃபிகரேஷன்" என்ற அமைப்பை ட்ரூ ஆக்குங்கள். இயல்பில் இது அணைந்தே இருக்கும். "இணைந்துவிட்டது என்கிறது, ஆனால் ஐபி இல்லை" என்று வரும் புகார்களுக்கு இந்த ஒரு வரிதான் மருந்து. அதே பகுதியில் "கன்ட்ரி" என்பதற்கு இந்தியாவின் இரண்டெழுத்துக் குறியீட்டைக் கொடுங்கள், இலங்கையில் இருந்தால் அந்நாட்டுக் குறியீடு. கொடுக்காவிட்டால் கார்டு எல்லா நாட்டுக்கும் பொதுவான குறுகிய விதிக்குள் ஓடும். ரூட்டர் 12, 13-ஆம் சேனலில் இருந்தால் பட்டியலில் தெரியாமலோ தாமதமாகத் தெரிந்தோ படுத்தும். இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸில் 5150 முதல் 5350 வரை, 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை 2018 அக்டோபர் முதல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். நாட்டுக் குறியீடு சரியாக இருந்தால்தான் கார்டு இந்த அகலத்தை முழுதாகப் பயன்படுத்தும்.

நான்காவது, சேவையை இயக்கி இணைப்பது. "ஐடபிள்யூசிடிஎல்" என்று மட்டும் அடித்தால் அதன் சொந்த உரையாடல் வரி வரும், டேப் விசை பெயர்களை நிரப்பும். "டிவைஸ் லிஸ்ட்" கார்டின் பெயரைக் காட்டும். "ஸ்டேஷன் டபிள்யூலேன்0 ஸ்கேன்", பிறகு "ஸ்டேஷன் டபிள்யூலேன்0 கெட்-நெட்வொர்க்ஸ்", பிறகு "ஸ்டேஷன் டபிள்யூலேன்0 கனெக்ட்" என்று நெட்வொர்க் பெயரோடு. கடவுச்சொல்லைக் கேட்கும், கொடுத்தால் முடிந்தது. பெயரை மறைத்து வைத்த நெட்வொர்க் என்றால் "கனெக்ட்-ஹிடன்". கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே சேர்த்துக் கொடுக்கவும் வழி இருக்கிறது, ஆனால் அது ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் அப்படியே தங்கிவிடும்.

டபிள்யூபிஏ சப்ளிகன்டில் இதே வேலைக்குக் கோப்பு எழுதி, அதில் மேற்கோள் குறி தவறாமல் பார்த்து, சேவையை இன்டர்ஃபேஸ் பெயரோடு தனியாக இயக்கி, பிறகு டிஎச்சிபிக்கு இன்னொரு நிரலை ஏவ வேண்டும். வேகத்தில் ஐடபிள்யூடிக்கே என் வாக்கு.

கோப்புகள்

இணைந்த ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் /வார்/லிப்/ஐடபிள்யூடி அடைவில் ஒரு கோப்பு உருவாகும். நெட்வொர்க்கின் பெயரே கோப்பின் பெயர். கடவுச்சொல் உள்ளவற்றுக்கு .பிஎஸ்கே என்ற பின்னொட்டு, திறந்தவற்றுக்கு .ஓபன். பத்து சர்வர்களுக்கு ஒரே அமைப்பை அனுப்ப வேண்டுமானால் இந்தக் கோப்பை நகலெடுத்தால் போதும். உரிமை 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம்) இருக்கட்டும், உள்ளே கடவுச்சொல் அப்படியே எழுதியிருக்கும்.

"செக்யூரிட்டி" பகுதியில் "பாஸ்ஃபிரேஸ்" என்றும் "ப்ரீ ஷேர்டு கீ" என்றும் இரண்டு அமைப்புகள் வரலாம். கடவுச்சொல் தெரியக்கூடாது என்று முதலாவதை நீக்கி, கணித்துவைத்த இரண்டாவதை மட்டும் விடுகிறவர்கள் உண்டு. டபிள்யூபிஏ2-இல் அது வேலை செய்யும். டபிள்யூபிஏ3-இல் செய்யாது, அங்கே சரிபார்ப்புக்கு மூலக் கடவுச்சொல்லே வேண்டும். ரூட்டரில் டபிள்யூபிஏ3-ஐ இயக்கிய அன்று சர்வர் காணாமல் போனால் முதலில் இந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். இன்னொன்று: கணித்த சாவியில் நெட்வொர்க்கின் பெயரும் கலந்திருக்கிறது. பெயரை மாற்றினால் கடவுச்சொல் அதேதான் என்றாலும் பழைய சாவி செல்லாது.

நிலையான ஐபி வேண்டுமா? அதே கோப்பில் "ஐபிவி4" என்ற பகுதியைச் சேர்த்து "அட்ரஸ்", "நெட்மாஸ்க்", "கேட்வே", "டிஎன்எஸ்" நான்கையும் எழுதினால் அந்த நெட்வொர்க்கில் மட்டும் அந்த முகவரி. கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இடம் மாறும் கணினிக்கு இது மிக வசதி.

நெட்வொர்க்கின் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆங்கில எழுத்து, எண், இடைவெளி, அடிக்கோடு, இணைகோடு தவிர வேறு எது பெயரில் இருந்தாலும் ஐடபிள்யூடி கோப்பின் பெயரை சமக்குறியில் தொடங்கி, பைட்டுகளின் பதினாறடிமான எண்களாக எழுதிவிடும். "வீடு" என்று பெயர் வைத்தால் நான்கு யூனிகோட் குறிகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 12 பைட். ஆகவே சமக்குறிக்குப் பின் 24 இலக்கங்கள் கொண்ட கோப்புப் பெயர். "வீடு.பிஎஸ்கே" என்று நீங்களே கோப்பு உருவாக்கினால் அது கண்டுகொள்ளப்படாது. இலக்கங்களைக் கையால் கணக்கிட வேண்டாம், ஒருமுறை ஐடபிள்யூசிடிஎல் வழியாக இணைத்து, அது உருவாக்கும் கோப்பைத் திருத்துவது எளிது. வைஃபை பெயருக்கு மொத்த எல்லை 32 பைட் என்பதால் தமிழில் பத்துக் குறிகளுக்கு மேல் போகாது. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனியே கணக்கில் வரும். "அண்ணாநகர் வீடு" 40 பைட் ஆகிவிடும்.

இயல்பு அமைப்புகளில் மாற்ற வேண்டியவை

ஐடபிள்யூடியின் இயல்பு மதிப்புகள் கையில் தூக்கிக்கொண்டு திரியும் லேப்டாப்பை மனதில் வைத்தவை. ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் சர்வருக்கு நான்கை மாற்றியே ஆக வேண்டும் என்பேன்.

மின்வெட்டு முதலாவது. சர்வர் யுபிஎஸ்ஸில் ஓடுகிறது, ரூட்டர் அணைந்துவிட்டது. இணைப்பு அறுந்ததும் ஐடபிள்யூடி 10 நொடியில் ஒரு ஸ்கேன் செய்யும். கிடைக்காவிட்டால் இடைவெளியை இரட்டித்துக்கொண்டே 300 நொடி வரை போகும். மின்சாரம் வந்து ரூட்டர் எழுந்த பிறகும் சர்வர் ஐந்து நிமிடம் வரை எட்டாமல் இருப்பது இதனால்தான். பேட்டரியில் ஓடும் கணினிக்கு அது நியாயமான சிக்கனம். சர்வருக்குத் தேவையில்லை. "ஸ்கேன்" பகுதியில் "மேக்ஸிமம் பீரியாடிக் ஸ்கேன் இன்டர்வெல்" மதிப்பை 30 ஆக்குங்கள்.

அதோடு சேர்ந்தது "பிளாக்லிஸ்ட்" பகுதி. ரூட்டர் பாதி எழுந்த நிலையில் சர்வர் இணையப் பார்த்துத் தோற்றால் அந்த அணுகுபுள்ளியை 60 நொடிக்கு ஒதுக்கிவைக்கும். மறுபடி தோற்றால் அதை 30-ஆல் பெருக்கும், அதாவது அரை மணி நேரம். உச்சம் ஒரு நாள். பல அணுகுபுள்ளிகள் உள்ள அலுவலகத்தில் கெட்டுப்போன ஒன்றை ஒதுக்க இது நல்ல உத்தி. ஒரே ரூட்டர் உள்ள வீட்டில் தன்னையே பூட்டிக்கொள்வதாகும். "மல்டிப்ளையர்" மதிப்பை 1 ஆக்கிவிடுங்கள்.

மூன்றாவது மின்சேமிப்பு. எஸ்எஸ்எச்சில் அடிக்கும் எழுத்து விட்டுவிட்டுத் தெரிகிறதா, ரூட்டருக்கு பிங் ஒருமுறை 3 மில்லிநொடி, அடுத்தமுறை 100-ஐத் தாண்டுகிறதா? கார்டு தூங்கித் தூங்கி எழுகிறது. கார்டு தூங்கும்போது அதற்கு வரும் தரவை ரூட்டர் தேக்கிவைத்து, சீரான இடைவெளியில் அனுப்பும் பீக்கன் என்ற அறிவிப்பில்தான் சொல்லும். பீக்கன் இடைவெளி பொதுவாக 102.4 மில்லிநொடி, அந்த 100 எங்கிருந்து வருகிறது என்பது இப்போது புரியும். உடனே சோதிக்க: "ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 செட் பவர்_சேவ் ஆஃப்". நிரந்தரமாக்க, மெயின்.கான்ஃபில் "டிரைவர் குவர்க்ஸ்" பகுதியில் "பவர் சேவ் டிசேபிள்" என்பதற்கு உங்கள் டிரைவரின் பெயரைக் கொடுங்கள், இன்டெல் என்றால் ஐடபிள்யூஎல்வைஃபை. இந்த ஒரு மாற்றத்தில் கிடைக்கும் பலனை வேறு எந்த மாற்றமும் தராது.

நான்காவது ரோமிங், அதாவது அணுகுபுள்ளி மாறுவது. 2.4 கிகாஹெர்ட்ஸில் சிக்னல் -70, 5 கிகாஹெர்ட்ஸில் -76 டிபிஎம்முக்குக் (சிக்னல் வலிமையின் அலகு) கீழே இறங்கினால் ஐடபிள்யூடி வேறு அணுகுபுள்ளி தேடத் தொடங்கும். பின்னறை சர்வருக்கு -72 என்பது சாதாரணம். மாறிப்போக வேறு புள்ளியே இல்லாதபோது இந்தத் தேடல்கள் இடையிடையே தாமதத்தை மட்டுமே தரும். "ஜெனரல்" பகுதியில் "ரோம் த்ரெஷோல்ட்" மதிப்பை (5 கிகாஹெர்ட்ஸ் என்றால் "ரோம் த்ரெஷோல்ட் 5ஜி") -80 ஆக இறக்கினால் நின்றுவிடும். தற்போதைய சிக்னல் எவ்வளவு என்று "ஸ்டேஷன் டபிள்யூலேன்0 ஷோ" சொல்லும். மெயின்.கான்ஃபில் எதை மாற்றினாலும் சேவையை மறுதொடக்கம் செய்தால்தான் எடுபடும்.

(லேப்டாப்பை மூடியதும் சர்வர் மறைந்தால் அதற்கும் வைஃபைக்கும் சம்பந்தமில்லை. லாகின்டி.கான்ஃபில் "ஹேண்டில் லிட் சுவிட்ச்" மதிப்பை இக்னோர் ஆக்குங்கள்.)

குறைகள்

பிழைச் செய்திதான் பெரிய குறை. கடவுச்சொல் தவறா, ரூட்டர் மறுத்ததா, டிரைவர் கோளாறா என்று எதுவும் சொல்லாமல் ஐடபிள்யூசிடிஎல் "ஆப்பரேஷன் ஃபெயில்ட்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு இது உண்மையிலேயே அநியாயம். காரணம் தெரிய வேண்டுமானால் "ஜர்னல்சிடிஎல் -யு ஐடபிள்யூடி" பார்க்க வேண்டும். அதிலும் போதவில்லை என்றால் சேவையை நிறுத்திவிட்டு "-டி" விருப்பத்தோடு கையால் இயக்கினால் ஒவ்வொரு படியும் திரையில் ஓடும். இந்த இடத்தில் டபிள்யூபிஏ சப்ளிகன்டின் பதிவு அளவில் நீளமானது, ஆனால் காரணத்தை ஒளிக்காது.

இன்டர்ஃபேஸின் பெயரை மாற்றிவிடும் பழக்கம் அடுத்தது. நேற்றுவரை டபிள்யூஎல்பி3எஸ்0 என்றிருந்த கார்டு, ஐடபிள்யூடி போட்டு மறுதொடக்கம் செய்ததும் டபிள்யூலேன்0 ஆகிவிடும். பொதியோடு வரும் 80-ஐடபிள்யூடி.லிங்க் என்ற கோப்பு கெர்னல் வைத்த பெயரையே வைத்திருக்கச் சொல்கிறது. காரணம் இருக்கிறது: ஐடபிள்யூடி தொடங்கும்போது பழைய இன்டர்ஃபேஸை அழித்துவிட்டுத் தானே புதிதாக உருவாக்கும். அந்த நேரத்தில் சாதனங்களுக்குப் பெயரிடும் யுடெவ் பெயரை மாற்ற முயன்றால் இரண்டும் மோதும். ஆனால் பழைய பெயரை ஃபயர்வாலில் எழுதிவைத்தவரின் நிலை என்ன? பெயர் மாறிய விதி எதையும் பிடிக்காது. லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் "ஐஐஎஃப்" என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம். அது இன்டர்ஃபேஸின் உள் எண்ணை நினைவில் வைப்பது. சேவை மறுதொடக்கம் ஆகும்போதெல்லாம் எண் மாறிவிடும், விதி செத்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும். "ஐஐஎஃப்நேம்" என்று எழுதுங்கள். அழித்து உருவாக்கும் பழக்கத்தையே நிறுத்த, "டிரைவர் குவர்க்ஸ்" பகுதியில் "டிஃபால்ட் இன்டர்ஃபேஸ்" என்பதற்கு நட்சத்திரக் குறி கொடுக்கலாம்.

மூன்றாவது, இணையம் வந்த பிறகே தொடங்க வேண்டிய சேவைகள். ஐடபிள்யூடியே ஐபி வாங்கும்போது, சிஸ்டம்டியின் நெட்வொர்க்-ஆன்லைன் இலக்கு அதற்காகக் காத்திருக்காது. என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்புப் பகிர்வை மவுன்ட் செய்யும் சர்வர் என்றால் பூட் ஆகும்போது மவுன்ட் தோற்கும். அத்தகைய சர்வரில் "எனேபிள் நெட்வொர்க் கான்ஃபிகரேஷன்" அமைப்பை அணைத்துவிட்டு, ஐபி வேலையை சிஸ்டம்டி-நெட்வொர்க்டியிடம் கொடுப்பதே சரி. ஒரு .நெட்வொர்க் கோப்பில் டபிள்யூலேன்0-க்கு டிஎச்சிபி இயக்கி, "இக்னோர் கேரியர் லாஸ்" மதிப்பை 3 நொடி ஆக்குங்கள், சிறு துண்டிப்புக்கெல்லாம் முகவரியைக் கைவிடாது. ஈதர்நெட் போர்ட்டையும் நெட்வொர்க்டி நிர்வகித்து, அதில் கேபிள் இல்லை என்றால் பூட் இரண்டு நிமிடம் நிற்கும். அந்தப் போர்ட்டின் கோப்பில் "ரெக்வயர்டு ஃபார் ஆன்லைன்" மதிப்பை நோ ஆக்கினால் தீரும். ஐடபிள்யூடியின் ஐபி வேலையையும் நெட்வொர்க்டியையும் ஒருசேர இயக்கிவைத்தால் ஒரே இன்டர்ஃபேஸுக்கு இருவர் முகவரி கேட்பார்கள், எந்த முகவரியில் எஸ்எஸ்எச் போடுவது என்பதே குழம்பிவிடும்.

எங்கே போடக் கூடாது

உபுண்டு சர்வரில் நெட்பிளானை விட மனமில்லை என்றால் ஐடபிள்யூடி வேண்டாம். சிஸ்டம்டி-நெட்வொர்க்டியோடு ஓடும் நெட்பிளான் வைஃபைக்கு டபிள்யூபிஏ சப்ளிகன்டைத்தான் கூப்பிடும். நெட்பிளான் கோப்பில் வைஃபை பகுதியே இல்லாமல் செய்துவிட்டு ஐடபிள்யூடியைத் தனியே ஓட்டலாம், ஆனால் பிறகு பார்க்க வருகிறவருக்கு வைஃபை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நேரமாகும்.

ராஸ்பெரி பை ஓஎஸ் புக்வோர்ம் பதிப்பிலிருந்து நெட்வொர்க்மேனேஜரைப் பயன்படுத்துகிறது. பூட் பகுதியில் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் கோப்பை வைக்கும் பழைய முறை இப்போது வேலை செய்யாது. அங்கே "என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை கனெக்ட்" என்ற ஒரே வரி போதும், எழுதப் பிடிக்காதவர்களுக்கு மெனுவாக வரும் என்எம்டியுஐ இருக்கிறது. நன்றாக ஓடுவதை மாற்றக் காரணமில்லை. நெட்வொர்க்மேனேஜருக்கு அடியில் ஐடபிள்யூடியைப் பொருத்தவும் வழி உண்டு. அப்போது ஐடபிள்யூடியின் சொந்த ஐபி வேலையை அணைத்தே வைக்க வேண்டும்.

கல்லூரி, நிறுவன நெட்வொர்க்குகளில் பயனர்பெயரும் சான்றிதழும் கேட்பவை உண்டு. அவற்றுக்கு ஐடபிள்யூசிடிஎல் முழு விவரத்தையும் கேட்டு வாங்காது. .8021எக்ஸ் பின்னொட்டுள்ள கோப்பை நீங்களே முழுதாக எழுதி வைத்த பிறகுதான் இணைய முடியும். சரியாக எழுதிவிட்டால் உறுதியாக ஓடும். எழுதும்போது சான்றிதழ்க் கோப்பின் பாதையை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அதே பெயரில் போலியாக நிற்கும் அணுகுபுள்ளிக்கும் உங்கள் சர்வர் கடவுச்சொல்லைக் காட்டப் போய்விடும்.

மெய்நிகர் கணினிகள் ஓட்டும் சர்வருக்கு எந்த வைஃபை நிரலும் தீர்க்காத ஒரு தடை இருக்கிறது. ஈதர்நெட்டில் செய்வது போல வைஃபை இன்டர்ஃபேஸை பிரிட்ஜில் சேர்த்து, ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ரூட்டரிடமிருந்தே ஐபி வாங்க முடியாது. தன்னிடம் சேர்ந்த கார்டின் மேக் முகவரியிலிருந்து வரும் தரவை மட்டுமே ரூட்டர் ஏற்கும், பின்னால் இருக்கும் மெய்நிகர் கணினிகளின் முகவரிகளை அது நிராகரிக்கும். நான்கு முகவரி முறை என்று ஒன்று இருக்கிறது, ஆனால் ரூட்டரும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும், வீட்டு ரூட்டர்கள் பொதுவாக ஒத்துழைப்பதில்லை. மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்விர்ட் இயல்பாகத் தரும் நாட் நெட்வொர்க்கிலேயே (சர்வரின் ஒரே முகவரியைப் பகிர்வது) அவற்றை விட்டுவிட்டு, வெளியிலிருந்து தேவைப்படும் போர்ட்டுகளை மட்டும் சர்வரில் திருப்பி விடுங்கள்.